கேபின் ஃபேன் யார் காசில்?

லாரி ஓட்டுகிறவனுக்கு என்னென்ன சாமான் வேண்டும் என்று லாரி ஓட்டுகிறவனை யாரும் கேட்டதில்லை. கேட்காமலேயே எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது. வண்டி எங்கே நிற்கிறது என்று காட்டும் ஜி.பி.எஸ். பெட்டி வந்தது. டேங்கில் டீசல் எவ்வளவு குறைந்தது என்று சொல்லும் சென்சார் வந்தது. கண் சொக்குகிறதா என்று டிரைவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் கேமராவும் வந்துவிட்டது. இவற்றை விற்கிறவர்கள் அடித்துக் கொடுக்கும் நோட்டீசுகளை நாமக்கல் பட்டறைகளிலும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளிலும் வாங்கி வந்து படித்துப் பார்த்தேன். நான் படித்த அத்தனையும் 'லாரி உரிமையாளர்களே' என்றுதான் தொடங்கின. ஓட்டுகிறவன் அதில் வராமல் இல்லை. டீசல் திருடுகிறவனாக வருகிறான், தூங்கிவிடுகிறவனாக வருகிறான், வழியில் வண்டியைப் போட்டுவிட்டு எங்கோ போய்விடுகிறவனாக வருகிறான். பண்ணையத்தில் ஆள் வைத்திருந்தவர்கள் ஆளைப் பற்றிப் பேசிய பேச்சு இதுதான். அச்சு மட்டும் இப்போது நாலு கலரில்.

'தமிழ் எம்.ஏ. படிச்சவனுக்கு லாரியைப் பத்தி என்ன தெரியும்?' என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். எங்கள் தாத்தா கவலைச் சால் தைத்தவர். கொங்கு நாட்டுக் கிணறுகளில் மாடு கட்டித் தண்ணீர் இறைத்த காலத்தில் அந்தச் சாலும் தும்பித் தோலும் இல்லாவிட்டால் ஒரு சொட்டுத் தண்ணீர் மேலே வராது. தோலைப் பதப்படுத்தவும், தைத்த இடத்தில் ஒழுகாமல் இழுத்துக் கட்டவும் தெரிந்த கை அருந்ததியர் கை. அந்தச் சால் இறைத்த தண்ணீர் தீட்டில்லை, அதைத் தைத்த ஆள் மட்டும் தீட்டு. மோட்டார் பம்பு வந்தது, சால் போயிற்று. அப்பா லாரியில் கிளீனராக ஏறினார். பெரியண்ணன் ஹெவி லைசென்ஸ் எடுத்து இருபத்திரண்டு வருஷமாக நேஷனல் பெர்மிட் வண்டி ஓட்டுகிறார். ஆகவே தொழில்நுட்பம் என்கிற சொல்லைப் பார்த்து மிரள வேண்டிய வீட்டிலிருந்து நான் வரவில்லை. அது யார் கையில் செய்யப்படுகிறது, யார் கைக்குப் போகிறது என்று மூன்று தலைமுறையாகப் பார்த்துக்கொண்டிருக்கிற வீடு எங்களுடையது.

அண்ணனின் கேபினை ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கணக்கெடுத்தேன். ஓனர் வாங்கி வைத்தவை: ஜி.பி.எஸ். பெட்டி, டீசல் சென்சார், ரோட்டைப் பார்க்கும் கேமரா ஒன்று, கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக், அதற்கு மேலே அவருடைய சாதித் தலைவரின் பெரிய படம். அண்ணன் காசில் வந்தவை: ஃபேன், போன் சார்ஜர், இலவம்பஞ்சு மெத்தை, பவானி ஜமக்காளம், இரண்டு கம்பளி, அடுப்பு, சிலிண்டர், அரிசிப் பெட்டி, தண்ணீர் கேன்கள், டார்ச் லைட், மழைக்கோட்டு, தார்ப்பாய் கட்டும்போது போட ஒரு ஜோடி கையுறை. எவர்சில்வர் டம்ளர் ஒன்று. சன் வைசரை மடக்கினால் அதன் உட்பக்கம் உள்ளங்கை அளவில் அம்பேத்கர் படம்.

வண்டியைக் காவல் காக்க வேண்டிய சாமான் எல்லாம் ஓனர் செலவு, மனிதன் உயிரோடிருக்க வேண்டிய சாமான் எல்லாம் மனிதனின் சொந்தச் செலவு. இதில் என்ன அநியாயம் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். 'அவனவன் போர்வைய அவனவன்தானே வாங்கணும்?' ஆலைத் தொழிலாளி தன் வீட்டுப் போர்வையைத் தானே வாங்குகிறான், சரி. அவன் ஆலைக்குள் படுத்துத் தூங்குவதில்லை. நாமக்கல்லிலிருந்து டெல்லிக்கு 2,000 கிலோமீட்டருக்கு மேல். போய், லோடு இறக்கி, திரும்பு லோடுக்குக் காத்துக் கிடந்து, ஊர் வந்து சேர எத்தனை நாளோ அத்தனை நாளும் கேபின்தான் வேலை செய்யும் இடம், அதேதான் படுக்கை, சமையல்கட்டு, மழைக்கு ஒதுங்குமிடம்.

1961இல் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் என்று ஒன்று வந்தது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். நெடுந்தூர வழி என்றால் அனுமதியோடு பத்து மணி நேரம், வாரம் 54. ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு. ஓய்வறையும் முதலுதவிப் பெட்டியும் முதலாளி கொடுக்க வேண்டும், மழைக்கும் குளிருக்கும் கோட்டு முதலியவற்றை அவர் கொடுக்கும்படி விதி செய்யலாம் என்றுகூட அதில் இருந்தது. ஆமாம், மழைக்கோட்டு 1961லேயே சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது. அண்ணன் தன் மழைக்கோட்டை ஈரோடு கடைத்தெருவில் பேரம் பேசி வாங்கினார். ஏனென்றால் ஐந்து பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் இடத்துக்கு அந்தச் சட்டம் தானாகப் பொருந்தாது. மனைவி பேரில் ரெண்டு, மச்சான் பேரில் ரெண்டு என்று ஆர்.சி. புத்தகத்தைப் பிரித்து வைத்திருப்பவர்களை எங்கள் பக்கத்தில் விரல் விட்டு எண்ண முடியாது. ஒற்றை லாரியைத் தவணைக்கு எடுத்துவிட்டுத் தூக்கமில்லாமல் கிடக்கிற ஓனரும் இருக்கிறார். அவர் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனால் அவருடைய தவணையை டிரைவரின் தூக்கத்தில் கழிக்கக் கூடாது. 2020இல் நிறைவேறி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட புதிய சட்டத்தொகுப்பு 1961 சட்டத்தை விழுங்கிவிட்டது. ஐந்து பேர் என்றிருந்த எல்லை அதில் பத்துப் பேர் ஆகிவிட்டது. வலையின் கண்ணை இன்னும் பெரிதாக்கிவிட்டு மீன் மாட்டவில்லை என்பார்கள்.

2018ஐ மறக்கக் கூடாது. அந்த ஒரே ஆண்டில் நடந்ததைப் பாருங்கள். லாரிகள் ஏற்றலாம் என்ற எடை கூட்டப்பட்டது. மூன்று அச்சு வண்டிக்கு மொத்த எடை 25 டன் என்றிருந்தது 28.5 டன் ஆனது. நேஷனல் பெர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்ற நிபந்தனை போயிற்று. அதே வண்டிக்கு இருக்குமிடம் காட்டும் கருவி வேண்டும் என்பது வந்தது. பாரம் ஏறியது, ஆள் குறைந்தது, அந்த ஒற்றை ஆளைப் பார்த்துக்கொள்ளக் கண் வைத்தாயிற்று. கிளீனர் ஏற்கனவே பல வண்டிகளில் இல்லை. வண்டி பின்னால் போகும்போது பாடியைக் கையால் தட்டி 'வரட்டும் வரட்டும்... ஹோல்டேன்' என்று சொன்ன குரலின் இடத்தில் ஒரு ரிவர்ஸ் கேமரா வந்திருக்கிறது. எங்கள் அப்பா பதினாறு வருஷம் அந்தக் குரலாக இருந்தவர்.

ஜி.பி.எஸ். பெட்டியை நான் ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு தடவை டீசல் திருடினதாக அண்ணன் மேல் பழி வந்தபோது அந்தப் பெட்டியின் கணக்குதான் அவரைக் காப்பாற்றியது. இதை மறைத்துவிட்டுப் பேசினால் அண்ணனே என்னை விட மாட்டார். என் கேள்வி வேறு. ராத்திரி ரெண்டு மணிக்கு வண்டி அரை மணி நேரம் நின்றால் ஓனர் மகன் போன் போடுகிறான். 'ஏன்டா வண்டி நிக்குது?' அவனுக்கு வயது இருபத்தாறு, அண்ணனுக்கு நாற்பத்தெட்டு. வயிறு சரியில்லை, கேனை எடுத்துக்கொண்டு முள்ளுக்குள் போயிருக்கிறார் என்று அந்தப் பெட்டி சொல்லாது. முன்னெல்லாம் ஊர் எல்லை தாண்டினால் 'ஏன்டா'விலிருந்து கொஞ்சம் தப்பிக்கலாம். நாக்பூர் தாண்டியும் கூப்பிடும் வசதி இப்போது வந்துவிட்டது.

அதே பெட்டிக்குள் இன்னொரு கணக்கும் இருக்கிறது. இந்த மனிதன் நேற்று எத்தனை மணிக்கு வண்டியை எடுத்தான், எத்தனை மணிக்கு நிறுத்தினான், நடுவில் எத்தனை நிமிஷம் நின்றான் என்ற கணக்கு. சட்டம் சொன்ன எட்டு மணி நேரமும் பத்து மணி நேரமும் ஒவ்வொரு நாளும் மீறப்படுவதற்கான சாட்சியை ஓனரே காசு கொடுத்து வாங்கி வண்டியில் பொருத்தி வைத்திருக்கிறார். அதை எடுத்துப் பார்க்க ஓர் அதிகாரிக்கும் தோன்றவில்லை. விபத்து நடந்த மறுநாள் 'டிரைவர் தூங்கிவிட்டார்' என்று பத்திரிகையில் வரும். எத்தனை மணி நேரம் தூங்காமல் இருந்தார் என்பது வராது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் லாரிக்கு டாக்கோகிராஃப் என்ற கருவி கட்டாயம். அது ஓட்டும் நேரத்தையும் ஓய்வையும் பதிகிறது. பொதுவாக நாளைக்கு ஒன்பது மணி நேரம், நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி ஓய்வு. டிரைவருக்கென்று அவர் பேரிலேயே ஓர் அட்டை உண்டு, கணக்கு அதிலும் ஏறும். ஆக, கருவியின் குணத்தில் கோளாறு இல்லை. 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கையில் வைத்திருந்த அம்பேத்கர் வேலை நேரத்துக்காக மல்லுக்கட்டியது ஏன் என்று இன்றைக்கு ஒரு லாரி கேபினில் உட்கார்ந்தால் விளங்கும்.

இனி ஃபேனுக்கு வருகிறேன். சின்ன விஷயம் என்று நினைத்துத் தாண்டிப் போய்விட வேண்டாம். சித்திரை மாதம், எஞ்சின் சூடு காலடியில், தலைக்கு மேலே தகரம். ஃபேன் இல்லாமல் பகலில் தூங்க முடியாது, பகலில் தூங்காதவன் ராத்திரி ஓட்டக் கூடாது. கடையில் மலிவாகக் கிடைக்கும் ஃபேன் காருக்குச் செய்தது, 12 வோல்ட். பெரிய லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரியை வரிசையாகச் சேர்த்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். கார் ஃபேனை நேரே கொடுத்தால் எரிந்துபோகும். அதனால் நம் ஆட்கள் ஒரே பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்துவிடுகிறார்கள். ஃபேன் நன்றாகத்தான் சுற்றும். ஆனால் அந்த ஒரு பேட்டரி மட்டும் இறங்கிக்கொண்டே போகும். சார்ஜ் ஏறும்போது ரெண்டுக்கும் சேர்த்துத்தான் ஏறும், ஒன்றுக்குப் பத்தாது, இன்னொன்றுக்கு மிஞ்சும். சீக்கிரத்தில் ரெண்டும் கெடும். பேட்டரி கெட்டால் யார் தலையில் விழும்? அண்ணனுக்கு ஒரு தடவை பேட்டாவில் மாசம் மாசம் பிடித்தார்கள். முந்நூறு ரூபாய் ஃபேனுக்கு அவர் கொடுத்த விலை அது.

ஆகவே வாங்குகிறவர்கள் 24 வோல்ட் என்று கேட்டே வாங்குங்கள். இருக்கிற 12 வோல்ட் சாமானை விட மனசில்லையென்றால் 24ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்றை ரெண்டு பேட்டரிக்கும் சேர்த்துப் போட்டு அதிலிருந்து எடுங்கள். போன் சார்ஜரிலும் 12-24 என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஒயர் பேட்டரியை விட்டுக் கிளம்பும் இடத்திலேயே ஃபியூஸ் போடுங்கள். பானெட் சூட்டில் ஒயர் உருகித் தீப்பிடித்தால் வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கும், உங்கள் ஜமக்காளத்துக்கும் சர்டிபிகேட்டுக்கும் இருக்காது.

சிலிண்டரை ஒருபோதும் கேபினுக்குள் வைக்காதீர்கள். சமையல் காஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தங்கி நிற்கும், ஒரு பீடி போதும். வண்டிப் பக்கத்துப் பெட்டியில் காற்றுப் போகிற மாதிரி நிமிர்த்தி வையுங்கள். மார்கழி, தையில் பஞ்சாப், டெல்லிப் பக்கம் போகிறவர்கள் குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே அடுப்போ கரியோ மூட்டித் தூங்குவது சாவு. அந்தப் புகையின் விஷத்துக்கு வாசனை கிடையாது. ரெண்டு கம்பளி கூட வாங்குங்கள். வழி பார்க்கும் போன் மேப் கார்க்காரனை மனதில் வைத்துச் செய்தது. பாலத்தின் உயரம், ஊருக்குள் லாரிக்குத் தடையுள்ள நேரம் அதற்குத் தெரியாது. தாபாவில் எதிரே வருகிற வண்டிக்காரனைக் கேட்பதற்கு ஈடு இன்னும் வரவில்லை.

அந்த எவர்சில்வர் டம்ளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணன் கிளீனராக இருந்தபோதே அது வந்துவிட்டது. பார்க்கிறவர்கள் சுத்தக்காரர் என்று நினைப்பார்கள். சொந்த ஊரிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் இருந்த ஒரு டீக்கடையில் டிரைவருக்குக் கண்ணாடி கிளாசும், 'எந்தத் தெரு?' என்று விசாரித்துவிட்டு இவருக்குக் கூரையில் செருகியிருந்த வேறு டம்ளரும் கொடுத்த நாளில் வாங்கியது அது. இப்போது பேப்பர் கப் வந்துவிட்டது, இரட்டைக் குவளை ஒழிந்துவிட்டது என்று சந்தோஷப்படுகிற நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ், எங்களுக்கு மட்டும் பேப்பர் கப் என்று நடத்துகிற கடைகளை நான் கூட்டிப்போய்க் காட்டுகிறேன். கழுவ வேண்டிய தொல்லைகூட இல்லாமல் தீண்டாமையை நவீனமாக்கியிருக்கிறார்கள்.

'ஸ்டியரிங் புடிச்சிட்டா சாதி போயிரும்' என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. நம் ஆட்களே சொல்கிறார்கள். வண்டிக்கும் சாதிக்கும் உள்ள உறவை அம்பேத்கர் தன் உடம்பில் அனுபவித்து எழுதி வைத்திருக்கிறார். 1901இல் சிறுவனாக மசூர் ஸ்டேஷனில் இறங்கி அப்பாவைப் பார்க்கப் போகும்போது, மகர் பிள்ளைகளை ஏற்ற எந்த வண்டிக்காரனும் வரவில்லை. இரட்டைக் கூலி, பிள்ளைகளே ஓட்ட வேண்டும், வண்டிக்காரன் பக்கத்தில் நடந்து வருவான் என்று பேசி முடித்துத்தான் புறப்பட முடிந்தது. 1929இல் பாரிஸ்டராகி சாலிஸ்காவ் வந்தபோதும் குதிரை வண்டி வாடகைக்குக் கிடைத்தது, வண்டிக்காரன் ஓட்ட மறுத்தான். பழக்கமில்லாத நம் ஆள் ஒருவர் ஓட்டி, பாலத்தில் சக்கரம் மாட்டி, அம்பேத்கர் தூக்கியெறியப்பட்டுக் கால் முறிந்தது. கருவியை வாடகைக்கு விடச் சாதி ஒத்துக்கொள்ளும். பக்கத்தில் உட்காரத்தான் ஒத்துக்கொள்ளாது. இன்றைக்கு ஸ்டியரிங் நம் கையில் இருக்கிறது, உண்மை. வண்டி யாருடையது, முகப்புக் கண்ணாடியில் யார் படம் என்று பார்த்துவிட்டு அந்தப் பேச்சைத் தொடருங்கள்.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்றாகியிருக்கிறது. நல்லதுதான், வரவேற்கிறேன். ஆனால் பழைய வண்டி இன்னும் பல வருஷம் ஓடும். நான் பார்த்தவரை எங்கள் பக்கத்தில் புது வண்டியின் சாவி முதலில் சொந்தக்காரப் பையனுக்குப் போகிறது, பழைய வண்டி நம் ஆளுக்கு வருகிறது. 'ஏ.சி. போட்டா டிரைவர் தூங்கிருவான், டீசலும் குடிக்கும், கழட்டிவிட்டுருவோம்' என்று ஒரு ஓனர் என்னிடமே சொன்னார். அவர் ஆபீசில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது, அவர் தூங்கவில்லை.

1990களில் லாரி டிரைவர் என்றாலே எய்ட்ஸ் என்று ஆக்கினார்கள், நாமக்கல் பேரும் அதோடு சேர்ந்தது. ஆணுறை கொடுத்தார்கள். அது தேவை, உயிரைக் காப்பாற்றியது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் டிரைவருக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டிய சாமான் என்று இந்தச் சமூகத்துக்குத் தோன்றியது அது ஒன்றுதான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அவன் உடம்பு பிறருக்கு ஆபத்து என்று பட்டபோதுதான் கவனித்தார்கள்.

கேமரா விஷயத்தில் எச்சரிக்கையாக இருங்கள். வண்டியில் கேமரா மாட்டினால் அது எந்தப் பக்கம் பார்க்கிறது, அதன் மெமரி கார்டு யாரிடம் இருக்கும் என்று முதலில் கேளுங்கள். புதிய தண்டனைச் சட்டத்தில் விபத்து செய்துவிட்டுச் சொல்லாமல் ஓடினால் பத்தாண்டு வரை சிறை என்ற பிரிவை எதிர்த்து 2024 ஜனவரியில் லாரிகள் நின்றன. 2024 ஜூலை 1இல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. ஏன் ஓடுகிறான் என்று யாராவது கேட்டார்களா? நின்றால் அடிப்பார்கள். அடிப்பதற்கு முன்னால் ஊரும் தெருவும் கேட்பார்கள், தெரு தெரிந்தால் இன்னும் ஓங்கி அடிப்பார்கள். குறுக்கே வந்தது யார் என்று காட்டும் படம் அந்த கார்டில் இருக்கும். ஓனருக்கு இன்சூரன்சுக்கு வேண்டிய துண்டு மட்டும் வெளியே வரும், டிரைவரைக் காப்பாற்றும் துண்டு தொலைந்துபோகும். முடிந்தால் உங்கள் காசில் ரோட்டைப் பார்க்கும் ஒரு கேமரா மாட்டி, கார்டை உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நம் காசில் வாங்கித்தான் தீர வேண்டிய ஒரே சாமான் என்று அதைத்தான் சொல்வேன்.

மற்றதெல்லாம் வண்டியோடு வர வேண்டும். ஃபேன், மெத்தை, கம்பளி, தண்ணீர் கேன், மழைக்கோட்டு, கையுறை எல்லாம் டயர் மாதிரி, ஸ்டெப்னி மாதிரி வண்டிச் செலவு. ஜி.பி.எஸ். ஓட்டக் கணக்கின் நகல் ஒவ்வொரு டிரிப் முடிவிலும் டிரைவர் கைக்கு வர வேண்டும். டிரிப் ஷீட்டில் டீசலுக்கும் டோலுக்கும் கட்டம் இருக்கிற மாதிரி தூங்கிய நேரத்துக்கும் ஒரு கட்டம் வேண்டும். போன மாதம் எங்கள் பக்கத்துச் சேரிகளைச் சேர்ந்த டிரைவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு பட்டறைத் திண்ணையில் கூடியபோது இதை ஒரு தாளில் எழுதி வாசித்தேன். தாளை வாங்கிப் படித்துவிட்டு அண்ணன் சொன்னார்: 'எல்லாம் சரி தம்பி. பேட்டாவுல புடிக்கக் கூடாதுன்னு ஒரு வரி சேத்து எழுது. எழுதி வாங்கிட்டு வா, ஃபேன் எந்தக் கம்பெனின்னு அப்பறம் நாங்க சொல்றோம்.'